குளத்துச் சுவரில் பழுப்பும் நீலப்பச்சையும்: கறையை எடுத்த பிறகு தண்ணீரை என்ன செய்வது?

மேல்தளம்:
எங்களுடையது சிமெண்ட் பிளாஸ்டர் பூச்சுள்ள நீச்சல்குளம். கொள்ளளவு 50,000 லிட்டர், பரப்பு 40 சதுர மீட்டர், சாண்ட் ஃபில்டர், காப்பர் சுருள் உள்ள ஹீட்டர். படிகளிலும் ஆழமான பக்கத் தரையிலும் பழுப்புக் கறை. ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் வாய்களுக்குக் கீழே நீலப்பச்சைக் கோடுகள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் இரண்டும் அசையவில்லை.

அளவுகள் (பிஎச், வெப்பநிலை தவிர எல்லாம் பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு): ஃப்ரீ குளோரின் (வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரின்) 3, பிஎச் 7.8, டோட்டல் ஆல்கலினிட்டி (பிஎச் மாறாமல் தாங்கும் திறன்) 140, கால்சியம் ஹார்ட்னெஸ் 220, சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது) 40, வெப்பநிலை 29 டிகிரி. நிரப்புவது போர்வெல் தண்ணீர். அதில் இரும்பு 0.8 பிபிஎம். குளத்துத் தண்ணீரில் இரும்பு 0, காப்பர் 0.2. குளோரினுக்கு, மேற்பரப்புக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் கூடைக்குள் ட்ரைக்குளோர் மாத்திரை போடப்படுகிறது. ஷாக் ட்ரீட்மென்ட் (ஒரேயடியாக நிறைய குளோரின்) கொடுத்தால் கறை போய்விடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

உலோகவேட்டை:
வேண்டாம். உலோகக் கறைக்கு ஷாக் கொடுத்தால் கறை கூடும். கரைந்த நிலையில் இருக்கும் இரும்பை குளோரின் ஆக்சிஜனேற்றம் செய்து துருவாக்கிச் சுவரில் உட்கார வைக்கும். பிஎச் ஏற ஏற அது இன்னும் வேகமாக நடக்கும். உங்கள் குளம் 7.8-இல் இருக்கிறது.

குளத்து நீரில் இரும்பு 0 என்று வந்ததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். போர்வெல்லில் 0.8 இருக்கிறது, குளத்தில் இல்லை என்றால் அது படிகளில் இருக்கிறது என்று பொருள். டெஸ்ட் கிட் தண்ணீரைத்தான் அளக்கும், சுவரை அளக்காது.

முதலில் கறை எது என்று பாருங்கள். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பழுப்புக் கறை மேல் அழுத்தி 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை பிடியுங்கள். ஆழத்தில் என்றால் மாத்திரைகளைப் பொடித்து ஒரு வெள்ளைச் சாக்ஸில் கட்டி, கம்பு முனையில் வைத்து அழுத்தலாம். அந்த இடம் மட்டும் வெளுத்தால் இரும்பு. வெளுக்கவில்லையா, பக்கத்தில் இன்னொரு இடத்தில் ட்ரைக்குளோர் மாத்திரையை அதேபோல் பிடித்துப் பாருங்கள். அதில் வெளுத்தால் இலை, சருகு, பாசி விட்ட கரிமக் கறை. ஷாக் அதற்குத்தான் பயன்படும். ஆனால் குளத்தின் உட்புறம் வினைல் லைனர் (பிளாஸ்டிக் விரிப்பு) என்றால் அதன் மேல் குளோரின் மாத்திரை வைக்கவே கூடாது. லைனரின் நிறமே போய்விடும்.

பம்ப்ரூம்:
நீலப்பச்சைக்கு வைட்டமின் சி அரைகுறையாகத்தான் வேலை செய்யும். சிட்ரிக் அமிலப் பொடியைச் சாக்ஸில் கட்டி வைத்துப் பாருங்கள், காப்பர் அதில் நன்றாக இளகும்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, காப்பர் எங்கிருந்து வந்தது என்பது. உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது: ஸ்கிம்மர் கூடையில் ட்ரைக்குளோர். அந்த மாத்திரை கரைந்த தண்ணீரின் பிஎச் 3 பக்கம் இருக்கும். பம்ப் நின்றிருக்கும் நேரமெல்லாம் கூடையில் அந்த அமிலத் தண்ணீர் தேங்கி நிற்கும். பம்ப் ஓடத் தொடங்கியதும் அது மொத்தமாக ஃபில்டரைத் தாண்டி ஹீட்டர் சுருளுக்குள் போகும். சுருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரிட்டர்ன் வழியாக வெளியே வரும், வாய்க்குக் கீழேயே படியும். குளத்தின் பிஎச் 7.8 என்று காட்டுவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. மாத்திரையை இன்றே கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு வழி காப்பர் சல்ஃபேட் கலந்த பாசிக்கொல்லி. டப்பாவில் காப்பர் என்ற சொல் இருந்தால் அது அலமாரியிலேயே இருக்கட்டும். பொன்னிற முடி பச்சையாவதற்குக் குளோரினைத் திட்டுவார்கள், காரணம் இந்தக் காப்பர்தான்.

மேல்தளம்:
பழுப்பில் வைட்டமின் சி வைத்த இடம் வட்டமாக வெளுத்துவிட்டது. நீலப்பச்சை சிட்ரிக்கில் பாதி போனது. படியின் ஓரத்தில் ஒரே ஒரு கரும்பழுப்புப் புள்ளி மட்டும் எதற்கும் அசையவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும், அளவுகளோடு சொன்னால் நல்லது.

சிமெண்ட்பூச்சு:
அந்த ஒற்றைப் புள்ளி, பூச்சுக்குப் பின்னால் இருக்கும் கம்பி துருப்பிடித்து வெளியே கசிவதாக இருக்கலாம். அதற்குத் தண்ணீரில் மருந்து போட்டுப் பயனில்லை. அந்த இடத்தைக் கொத்தி, கம்பியைத் துரு போகச் சுத்தம் செய்து அல்லது உள்ளே தள்ளி வெட்டிவிட்டு, மறுபடி பூச வேண்டும். பரவலான கறையோடு அதைச் சேர்க்காதீர்கள்.

டைட்ரேஷன்:
பரவலான பழுப்புக்கு அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி தூள். வேலை செய்யும் விதம் எளிது: சுவரில் துருவாக ஒட்டியிருக்கும் ஃபெரிக் இரும்பை, கரையக்கூடிய ஃபெரஸ் இரும்பாக அது ஒடுக்கிவிடுகிறது. இரும்பு எங்கும் போவதில்லை. சுவரிலிருந்து தண்ணீருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. இதை மறந்தால் பத்து நாளில் கறை திரும்பிவிட்டது என்று இந்த மன்றத்தில் புதிய இழை தொடங்க வேண்டியிருக்கும்.

50,000 லிட்டருக்கு வரிசை இது.

முதலில் குளோரினைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். மாத்திரையை எடுத்துவிட்டு வெயிலில் விட்டாலே இறங்கும். இறங்காமல் வைட்டமின் சி போட்டால் 1 பிபிஎம் குளோரின் சுமார் 2.5 பிபிஎம் அஸ்கார்பிக் அமிலத்தைத் தின்றுவிடும். உங்கள் 3 பிபிஎம் குளோரின் 375 கிராம் தூளை வீணாக்கும், கறைக்கு ஒன்றும் மிஞ்சாது. உப்புக் குளமாக இருந்தால் உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் செல்லை அணைக்க வேண்டும். குளோரின் இல்லாத நாட்களில் பாசி பிடிக்காமலிருக்க 60 சதவீத பாலிகுவாட் வகைப் பாசிக்கொல்லியை லேபிள் அளவில் போடுங்கள். 29 டிகிரி பாசிக்கு நல்ல விருந்து, எனவே இது விருப்பத்துக்கு விட்ட படி இல்லை. சாதாரண குவாட் வகைப் பாசிக்கொல்லி நுரை தள்ளும்.

இரண்டாவது, பிஎச்சை 7.0 பக்கம் கொண்டுவாருங்கள். 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் உங்கள் ஆல்கலினிட்டிக்குச் சுமார் இரண்டரை லிட்டர் தேவைப்படும். ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். பம்ப் ஓடும்போது, ரிட்டர்ன் வாய்க்கு முன்னால், முக்கால் லிட்டர். அரை மணி நேரம் கழித்து அளந்து அடுத்தது. கடைசி அரை லிட்டருக்கு முன் கட்டாயம் அளக்க வேண்டும். ஹீட்டரை பைபாஸில் போட்டு, தண்ணீர் அதற்குள் போகாமல் செய்துவிடுங்கள், இல்லையென்றால் காப்பரை நாமே மறுபடி கரைப்போம்.

மூன்றாவது, அஸ்கார்பிக் அமிலம். 1,000 லிட்டருக்கு 6 கிராம், உங்களுக்கு 300 கிராம். பம்ப் ஓட, கறை அதிகமுள்ள ஓரங்களில் தூவுங்கள். இரும்பென்றால் அரை மணியிலேயே மாற்றம் தெரியும். மிச்சம் இருந்தால் இன்னொரு 300 கிராம் வரை போகலாம். 1,000 லிட்டருக்கு 12 கிராமைத் தாண்டியும் அசையவில்லை என்றால் அது இரும்பில்லை, கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

நான்காவது, கறை போன அன்றே சீக்வெஸ்ட்ரன்ட், அதாவது கரைந்த உலோகத்தைப் பிடித்து வைத்துச் சுவரில் படியவிடாத மருந்து. ஹெச்இடிபி என்ற பாஸ்ஃபோனேட் அடிப்படையிலானதைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறும் என்பதால் லேபிளில் உள்ள தொடக்க அளவை முழுதாகப் போடுங்கள். ஒரு நாள் முழுக்க பம்ப் ஓடட்டும்.

எச்சரிக்கை ஒன்று: அஸ்கார்பிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ அளந்த அதே கரண்டியை குளோரின் தூள் டப்பாவில் விடாதீர்கள். உலர் நிலையில் இரண்டும் சேர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் (குளத்துக்குப் போடும் குளோரின் மருந்து) ஒரே வாளியைத் தொடக்கூடாது, குளோரின் வாயு வரும்.

கேள்விக்குறி:
ஆக்சாலிக் அமிலம் துருவுக்கு இன்னும் வேகமாச்சே? அது விலையிலும் தேவலை.

டைட்ரேஷன்:
காலி செய்த குளத்தில், கையுறை கண்ணாடியோடு, பூச்சின் மேல் தேய்த்துக் கழுவ என்றால் சரி. நிரம்பிய குளத்தில் வேண்டாம். தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட்டாக வெண்மையாகக் கலங்கும். நச்சும் கூட.

உலோகவேட்டை:
நீலப்பச்சைக்கு ஒரு சேர்க்கை. பிஎச் 7.0-க்கு இறங்கியதுமே அதில் கொஞ்சம் இளகும். மிச்சத்துக்கு சல்ஃபாமிக் அமிலக் குருணையைச் சாக்ஸில் கட்டி அந்தக் கோடுகள் மேல் மட்டும் ஒற்றி ஒற்றி எடுங்கள், ஒரே இடத்தில் வைத்துவிடாதீர்கள். பிளாஸ்டரையும் அது அரிக்கும். இதுவும் குளோரின் பூஜ்யமாக இருக்கும் நாட்களிலேயே முடிய வேண்டும்.

காப்பர் கறை நீலப்பச்சையாகத்தான் இருக்கும் என்றில்லை. கறுப்பாகவும் வரும். ஊதா நிறத்தில் ஏணியிலும் டைல் வரியிலும் படிந்தால் அது காப்பர் சயனூரேட்: தண்ணீரில் காப்பரும் சயனூரிக் அமிலமும் இரண்டும் அதிகம் என்பதற்கு அடையாளம். அதற்குத் தண்ணீர் மாற்றுவதே வழி. கருஞ்சாம்பல், கருப்பு, கரும்பழுப்பு என்றால் மாங்கனீசையும் சந்தேகப்படுங்கள். போர்வெல் தண்ணீரில் இரும்போடு அதுவும் சேர்ந்து வருவது உண்டு.

மேல்தளம்:
பழுப்பு முழுக்கப் போய்விட்டது, 300 கிராமே போதுமாக இருந்தது. காப்பர் கோடு மங்கலாக மிச்சம். இப்போது பிஎச் 7.0, ஆல்கலினிட்டி 115, குளோரின் 0. நாளையே குளோரினை 3-க்கு ஏற்றிவிடலாமா?

டைட்ரேஷன்:
ஒரே மூச்சில் வேண்டாம். எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான். கறை போன சந்தோஷத்தில் குளோரினைக் கொட்டுவார்கள், சோடா ஆஷ் போட்டுப் பிஎச்சை ஏற்றுவார்கள், மறுநாள் படிகள் பழையபடி.

இனி 10 சதவீத திரவக் குளோரின் மட்டும். 50,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற அரை லிட்டர். தண்ணீரில் மிஞ்சியிருக்கும் அஸ்கார்பிக் அமிலம் முதலில் வருவதையெல்லாம் விழுங்கும். 300 கிராமும் அப்படியே மிஞ்சியிருந்தால் 2.4 பிபிஎம் வரை, அதாவது சுமார் 1.2 லிட்டர். ஆகவே முதல் இரண்டு நாள் சோதனையில் 0 காட்டினால் பதறி இரட்டிப்பாக ஊற்ற வேண்டாம். ஒரு நாளைக்கு அரை லிட்டர், மாலையில், ரிட்டர்ன் வாய்க்கு முன் மெல்லிய தாரையாக. திரவக் குளோரினின் பிஎச் 12-க்கு மேல். ஒரே இடத்தில் குபுக்கென்று ஊற்றினால் அந்த இடத்திலேயே இரும்பு படியும்.

அளவு தங்க ஆரம்பித்ததும் 3-க்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சயனூரிக் அமிலத்தின் 7.5 சதவீதம் குறைந்தபட்ச ஃப்ரீ குளோரின் என்று வைத்துக்கொண்டால் 40-க்கு 3. அது வரும் வரை யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. சோதிக்கும்போது ஒன்று: குளோரினை அளக்கும் டிபிடி சொட்டு முதலில் இளஞ்சிவப்பாகி உடனே வெளுத்தால் குளோரின் இல்லை என்பதல்ல, மிக அதிகம் என்பதாகும்.

நடுநிலை7:
பிஎச்சை ஏற்ற எதையும் போட வேண்டாம். ரிட்டர்ன் வாய்களை மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பைக் கலக்க விடுங்கள். கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற பிஎச் தானே மேலே வரும், குளம் முழுக்கச் சமமாக வரும். ஆல்கலினிட்டி 115 என்பதால் நீங்கள் விரும்புவதைவிட வேகமாகவே வரும். 7.5-ஐத் தொட்டதும் அமிலம் விட்டு 7.1-க்கு இறக்குங்கள், மறுபடி கலக்க விடுங்கள். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் ஆல்கலினிட்டி இறங்கும். 32 சதவீத அமிலம் 1 லிட்டர் உங்கள் குளத்தில் 10 பிபிஎம் இறக்கும். 80-க்குக் கொண்டுவர மொத்தம் மூன்றரை லிட்டர், சுற்றுகளாகப் பிரித்து.

லாங்கலியர் கணக்கையும் பார்த்துவிடுவோம். தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா (+), பூச்சைக் கரைக்குமா (−) என்று அது காட்டும். பிஎச்சோடு மூன்று எண்களைக் கூட்டி 12.1-ஐக் கழிக்க வேண்டும்: 29 டிகிரிக்கு 0.7, கால்சியத்தின் லாகரிதம் கழித்தல் 0.4, அதாவது 220-க்கு 1.94, ஆல்கலினிட்டியின் லாகரிதம். லாகரிதம் எடுக்கும் முன் ஆல்கலினிட்டியிலிருந்து சயனூரிக் அமிலத்தின் பங்கைக் கழிக்க மறக்கக்கூடாது: பிஎச் 7.5 சுற்றுப்புறத்தில் அந்த அமில அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

நீங்கள் தொடங்கிய தண்ணீர்: 7.8 + 0.7 + 1.94 + 2.10 − 12.1 = +0.44. சுண்ணாம்பு படியும் பக்கம். படியும் சுண்ணாம்பு இரும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய தண்ணீர் −0.43, ஓரிரு வாரம் தாங்கும், அதற்கு மேல் பிளாஸ்டர் கரையத் தொடங்கும். பிஎச் 7.4, ஆல்கலினிட்டி 80 என்று நின்றால் −0.23. ±0.3-க்குள் இருக்கிறது, போதும்.

சிமெண்ட்பூச்சு:
−0.23 பூச்சுக்குப் போதாது என்பேன். கால்சியத்தை 300-க்கு ஏற்றினால் −0.1 வரும். டைஹைட்ரேட் கால்சியம் குளோரைடு 10 பிபிஎம்முக்கு 735 கிராம், 80 பிபிஎம்முக்கு 5.9 கிலோ.

நடுநிலை7:
பூச்சுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தொடக்க அளவு சீக்வெஸ்ட்ரன்ட் முழுக்க இருக்கும் தண்ணீரில் ஆறு கிலோ கால்சியம் விழுந்தால் பாஸ்ஃபோனேட்டோடு சேர்ந்து கலங்கலாம். போர்வெல் தண்ணீரே கால்சியம் கொண்டுவரும், ஆவியாவதில் அது மிஞ்சிச் சேரும். ஒரு மாதம் பொறுத்து அளந்துவிட்டு முடிவு செய்யலாம். போட்டாலும் நாளுக்கு ஒரு கிலோ, வாளியில் கரைத்து. கரையும்போது வாளி நன்றாகச் சூடாகும்.

டைட்ரேஷன்:
கால்சியம் அளப்பது பற்றிப் பேச்சு வந்ததால்: தண்ணீரில் காப்பரோ இரும்போ இருந்தால் சொட்டுச் சோதனை முடிவில் தெளிவான நீலம் வராமல் ஊதாவிலேயே நின்றுவிடும். சொட்டிக்கொண்டே போய் 400, 500 என்று படிப்பவர்கள் உண்டு. கடைசியில் எண்ணி எண்ணிச் சொட்டும் டைட்ரன்ட் புட்டியிலிருந்து 5 சொட்டை முதலிலேயே விட்டுவிட்டு, பிறகு பஃபர், இண்டிகேட்டர் சேருங்கள். அந்த 5 சொட்டையும் மொத்தத்தில் எண்ணுங்கள். முடிவு சுத்தமாகத் தெரியும்.

மேல்தளம்:
இரும்பு தண்ணீரிலேயே இருக்கிறது என்றால் அதை வெளியேற்றுவது எப்படி? சீக்வெஸ்ட்ரன்ட் காலத்துக்கும் போட வேண்டியதா?

உலோகவேட்டை:
போர்வெல் தண்ணீரை இப்படியே விட்டுக்கொண்டிருந்தால், ஆம். ஹெச்இடிபியை குளோரினும் வெயிலும் சிதைத்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு பராமரிப்பு அளவு போட்டால்தான் பிடி தளராது. சிதைந்தது ஆர்த்தோபாஸ்ஃபேட்டாக மாறும். அந்த பாஸ்ஃபேட் எண்ணைப் பார்த்து யாராவது லாந்தனம் கலந்த பாஸ்ஃபேட் ரிமூவரை விற்க வருவார்கள். அது சீக்வெஸ்ட்ரன்ட்டையும் பிடித்து இழுத்து வீழ்த்திவிடும், குளம் பாலாகக் கலங்கும், இரும்பு அவிழ்ந்து சுவருக்குப் போகும். இரண்டில் ஒன்றுதான்.

வரவைக் கணக்குப் போடுங்கள். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 40 சதுர மீட்டரில் 200 லிட்டர், மாதம் 6,000 லிட்டர். அதை 0.8 பிபிஎம் தண்ணீரால் ஈடுகட்டினால் மாதம் 4.8 கிராம் இரும்பு, குளத்தில் சுமார் 0.1 பிபிஎம். ஆவி இரும்பை எடுத்துச் செல்லாது. மூன்று மாதத்தில் 0.3, கறைக்கு அதுவே தாராளம்.

அதனால் வாசலிலேயே பிடியுங்கள். 1,000 லிட்டர் தொட்டியில் போர்வெல் தண்ணீரைப் பிடித்து 10 சதவீத குளோரின் 20 மில்லி விட்டுக் கலக்குங்கள், அது 2 பிபிஎம். 0.8 இரும்புக்கு அரை பிபிஎம் குளோரினே கணக்குப்படி போதும், மிச்சம் வேகத்துக்கு. இரவு முழுக்க நின்றால் துரு அடியில் தங்கும். அடியில் ஒரு சாண் விட்டு மேல் தண்ணீரை மட்டும், பாலியஸ்டர் பஞ்சு வைத்த கூடை வழியாகக் குளத்துக்கு விடுங்கள். பிஎச் 7.5-க்கு மேல் இருந்தால் வேகமாக நடக்கும். மாங்கனீசு இப்படிச் சுலபமாக விழாது. அதற்கு கிரீன்சாண்ட் வகை ஃபில்டர் வேண்டும்.

பம்ப்ரூம்:
இரும்பில்லாத தண்ணீர் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவது சுருக்கு வழி. கரைந்த உலோகம் மூன்றில் இரண்டாகக் குறையும். மாற்றுவதானால் கறை எடுத்த இந்த வாரமே மாற்ற வேண்டும். இரும்பு முழுக்கத் தண்ணீரில் இருப்பது இப்போதுதான், மறுபடி சுவரேறிய பிறகு தண்ணீரை மாற்றி லாபமில்லை. மொத்தமாக இறைக்காதீர்கள். நிலத்தடி நீர் உயரத்தில் இருந்தால் காலியான குளத்தைக் கீழிருந்து தூக்கிவிடும், ஃபைபர் கிளாஸ் தொட்டி என்றால் இன்னும் ஆபத்து.

பிஎச் 7.2-ஐத் தாண்டிய பிறகு பைபாஸை மூடி, ஹீட்டருக்குள் மறுபடி தண்ணீரை விடுங்கள். ட்ரைக்குளோர் தொடர்வதானால் ஹீட்டருக்குப் பின்னால், தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வோடு, மாத்திரை வைக்கும் ஒரு குளோரினேட்டர் பொருத்துங்கள். அப்படியும் 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகும், எனவே திரவக் குளோரினிலேயே நின்றுவிடுவது நல்லது.

மேல்தளம்:
மூன்றில் ஒரு பங்கு மாற்றுவதற்கு முன் சீக்வெஸ்ட்ரன்ட் போட்டுவிட்டேனே, அதுவும் போய்விடுமே?

பம்ப்ரூம்:
போகும், அது பிடித்து வைத்திருக்கும் இரும்போடு சேர்ந்து போகும், அதுதானே வேண்டும். புதுத் தண்ணீர் நிரம்பியதும் தொடக்க அளவில் மூன்றில் ஒரு பங்கை மறுபடி போட்டு, பிஎச்சும் ஆல்கலினிட்டியும் அளந்துவிட்டு, அதன் பிறகு அன்றைய குளோரினை ஊற்றுங்கள்.